வெப்சைட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? கலரைப் பிறகு பார்க்கலாம்!

கடைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தால் கடை இருக்கும் இடம் மாறிவிடாது. நேற்றுவரை வந்த வாடிக்கையாளர் நாளையும் அதே படி ஏறி வருவார். வெப்சைட்டைப் புதுப்பிக்கும்போது இந்த உறுதி கிடையாது. தோற்றத்தை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உள்ளே வாசல், படி, கதவு எண் எல்லாமே மாறியிருக்கும். பழைய வாசலைத் தேடி வந்தவர் "பக்கம் இல்லை" என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் வந்ததும் நமக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெப் டிசைன் என் நேரடித் தொழில் அல்ல. ஆனால் நம் ஊரில் ஒருவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும், பிரின்டர் ரிப்பேர் முதல் வெப்சைட் வரை எல்லாமே அவன் தலையில்தான் வந்து விழும். அப்படித்தான் கணபதியில் சிறிய பம்ப் தொழிற்சாலை நடத்தும் என் பெரியப்பாவுடன், அவருடைய வெப்சைட்டைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தைகளில் நானும் உட்கார்ந்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சொந்தத் தொழிலுக்கு வெப்சைட் வைத்திருக்கும் அல்லது வைக்கப்போகும் வாசகர்களுக்கு அங்கே பேசப்பட்டவை உதவும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். வெப்சைட் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. டொமைன் என்பது உங்கள் முகவரி, அதாவது .காம் அல்லது .இன் என்று முடியும் பெயர். ஹோஸ்டிங் என்பது உங்கள் பக்கங்களை வைத்திருக்க வேறொருவர் கம்ப்யூட்டரில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் இடம். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்கிறோம். மூன்றாவது, அங்கே வைக்கப்பட்டிருக்கும் பக்கங்களும் படங்களும். டிசைனர் மாற்றித் தரப்போவது இந்த மூன்றாவதை மட்டும்தான். வம்பு வருவது பெரும்பாலும் முதல் இரண்டில்.

பெயர் யார் பேரில் இருக்கிறது?

டிசைனரைப் பார்க்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் டொமைன் உண்மையில் உங்களுடையதுதானா என்று பாருங்கள். டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஒரு ஆண்டுக்கோ சில ஆண்டுகளுக்கோ பதிவு செய்து, காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு ரிஜிஸ்ட்ரார் என்று பெயர். அங்கே எந்த ஈ-மெயில் முகவரியில் கணக்குத் திறக்கப்பட்டிருக்கிறதோ, அவர் கையில்தான் சாவி இருக்கிறது.

"ஹூ இஸ்" என்ற வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்துத் தேடினால் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்ற விவரங்கள் வரும். முன்பெல்லாம் உரிமையாளர் பெயரும் முகவரியும் வெளிப்படையாகத் தெரியும். இப்போது தனியுரிமை கருதி அவை பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். பரவாயில்லை, காலாவதித் தேதி தெரிந்தாலே பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

பெரியப்பாவின் டொமைனை இப்படித் தேடியபோது காலாவதிக்கு 40 நாட்கள்கூட இல்லை. பதிவு செய்திருந்தவர் முதல் வெப்சைட்டைச் செய்து கொடுத்த பழைய டிசைனர். அவருடைய சொந்த மெயிலில், சொந்தக் கணக்கில் பதிவு செய்திருந்தார். அவர் தொழிலையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. பெரியப்பாவின் விசிட்டிங் கார்டு, பில் புக், பம்ப் பேக்கிங் பெட்டி, பேருந்து நிறுத்தத்தில் வைத்த போர்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. 12 வருடப் பெயர்!

நல்ல வேளையாக அவர் நல்ல மனிதர். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கிறார் என்று சுற்றிவளைத்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். பேசிய அன்றே ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நுழைந்து, டொமைனை மாற்றிக்கொள்ளத் தேவையான ரகசியக் குறியீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் எல்லோருக்கும் இப்படி ஆள் அகப்படுவார் என்று சொல்ல முடியாது. தகராறு என்று வந்தால் .இன் பெயர்களுக்கு நிக்ஸி அமைப்பின் கீழ் நடுவர் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் மீது உங்களுக்கு வர்த்தகச் சின்னம் போன்ற உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். கம்பெனி மெயிலில், கம்பெனி பணத்தில், உங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. ஹோஸ்டிங் கணக்குக்கும் இதே விதிதான்.

பெரியவர்களுக்கே சறுக்கிய இடம்

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் சரியாகச் செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 7-ம் தேதி வருமான வரித்துறையின் ஈ-ஃபைலிங் தளம் புதிய வடிவில், புதிய முகவரியில் திறக்கப்பட்டது. உருவாக்கியது இன்ஃபோசிஸ். முதல் நாளிலிருந்தே புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளம் கிடைக்கவேயில்லை. 23-ம் தேதி நிதி அமைச்சகம் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நேரில் அழைத்து விளக்கம் கேட்டது. தனிநபர்கள் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது.

திருப்பூர் வாசகர்களுக்கு மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் என்ற பிரிட்டிஷ் துணிக்கடை நிறுவனத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த நிறுவனம் 2014 பிப்ரவரியில் 15 கோடி பவுண்டு செலவில் உருவான புதிய வெப்சைட்டைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் முடிந்த காலாண்டில் அவர்களுடைய ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் குறைந்தது. படங்கள் அழகாகத்தான் இருந்தன, பத்திரிகை போலப் புரட்டலாம். பழகிய வழி மாறிப்போனதை வாடிக்கையாளர்கள் ரசிக்கவில்லை.

வரித்துறைத் தளத்துக்கு மக்கள் திட்டிக்கொண்டேயாவது திரும்ப வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. நம் தளத்துக்கு அப்படி வர யாருக்கும் கட்டாயமில்லை.

பழைய தளம் என்ன சம்பாதிக்கிறது?

வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேட்டர்ன் தப்பாக இருந்தால் எத்தனை நல்ல இரும்பை உருக்கி ஊற்றினாலும் காஸ்டிங் அத்தனையும் தப்பாகத்தான் வரும். வெப்சைட்டுக்குப் பேட்டர்ன் என்பது பழைய தளத்தின் கணக்கு வழக்குதான். எந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள், அதில் எத்தனை பேர் போன் செய்கிறார்கள்?

இதற்குக் கூகுள் இலவசமாகவே ஒரு கருவி தருகிறது. சர்ச் கன்சோல் என்று பெயர். தளம் உங்களுடையது என்பதை நிரூபித்துவிட்டால், மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை கிளிக் செய்தார்கள் என்று 16 மாதம் வரையிலான விவரத்தைப் பார்க்கலாம். இதை எக்செல் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய தளம் வந்தபின் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் ஆதாரம்.

பெரியப்பாவின் தளத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. முகப்புப் பக்கத்தைவிட அதிகமாகப் பார்க்கப்பட்டது, மூலையில் கிடந்த ஒரு உதிரிபாகப் பட்டியல். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விற்ற மோனோபிளாக் பம்ப் மாடல்களுக்கு எந்த இம்பெல்லர் சேரும், எந்த அளவு புஷ், எந்த மெக்கானிக்கல் சீல் என்ற நீண்ட அட்டவணை. பழைய பாணியில் கோடு கோடாகக் கட்டம் போட்டு, மஞ்சள் பின்னணியில், பார்க்கச் சகிக்காது. மாடல் நம்பரை அப்படியே கூகுளில் அடித்து வந்திருக்கிறார்கள். கர்நாடகத்திலோ ஆந்திராவிலோ கிணற்று மேட்டில் பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு செல்போனில் தேடும் மெக்கானிக்குகள்!

புதிய டிசைனர் கொண்டுவந்த திட்டத்தில் அந்தப் பக்கத்துக்கு இடமே இல்லை.

"சார், இது பார்க்கவே நல்லா இல்லைங்க. புது டிசைனோட ஒட்டாதுங்க. எடுத்துறலாங்க" என்றார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "இருங்க தம்பி. அதப் பாத்துட்டுத்தானுங்க நம்மகிட்ட ஸ்பேர் கேக்கறாங்க. ஸ்பேர் வாங்க வந்தவன்தான் நாளைக்குப் பம்ப்பும் வாங்கறான். அதை எடுத்துப்போட்டா நான் யாருக்குங்க வெப்சைட் வெச்சிருக்கறது?"

டிசைனரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது திரையில் இருக்கும் படம். பம்ப் வியாபாரம் எந்த வழியாக நடக்கிறது என்பதை அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் போகும்போது "நவீனமாக இருக்க வேண்டும்", "ரிச்சாக இருக்க வேண்டும்" என்று சொல்வதை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை அச்சடித்து மேஜையில் வையுங்கள். "இந்த ஐந்து பக்கங்களுக்கு ஆள் வருகிறது, இவற்றைத் தொடாதீர்கள் அல்லது இன்னும் வசதியாக்கிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கடைசியில் அந்த அட்டவணை அதே முகவரியிலேயே, செல்போன் திரைக்குப் பொருந்தும்படி, மாடல் நம்பரைத் தட்டினால் அந்த வரி மட்டும் வரும் விதத்தில் மாற்றி அமைக்கப்பட்டது. அதைச் செய்தவரும் அதே டிசைனர்தான். அழகாகவே செய்தார்.

தபால்காரருக்கு ஒரு கடிதம்

எல்லாப் பக்கங்களின் முகவரியையும் அப்படியே வைத்திருக்க முடியாது. சில மாறத்தான் செய்யும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து சரவணம்பட்டிக்கு வீடு மாறினால் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? அதே வேலையைச் சர்வரில் செய்வதற்கு 301 ரீடைரக்ட் என்று பெயர். "இந்தப் பக்கம் நிரந்தரமாக அந்த இடத்துக்கு மாறிவிட்டது" என்று பிரவுசருக்கும் கூகுளுக்கும் சர்வர் சொல்லும் செய்தி அது. பார்வையாளருக்கு எதுவும் தெரியாது, புதிய பக்கம் தானாகத் திறந்துவிடும்.

பழைய முகவரி ஒரு பத்தி, புதிய முகவரி ஒரு பத்தி என்று எக்செல்லில் பட்டியல் போட்டு டிசைனரிடம் கொடுங்கள். அலுப்பான வேலைதான். அலுப்புப்பட்டு எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுபவர்கள் உண்டு. இம்பெல்லர் அளவு தேடி வந்தவரை வரவேற்பறையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் அவர் எழுந்து போய்விடுவார். கூகுளும் அதைச் சரியான மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த ரீடைரக்ட்களைக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. எடுக்காமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

பழைய பக்கங்களே கையில் இல்லை, டிசைனர் போனவர் போனவர்தான் என்றால்? இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் உங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய பக்கங்கள்கூட அதில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. எல்லாம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, படங்கள் பல விட்டுப்போயிருக்கும். எழுத்துகள் கிடைத்தாலே லாபம்.

தமிழில் பக்கங்கள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2000-களின் தொடக்கத்தில் செய்த தளம் என்றால் அதில் உள்ள தமிழ், யூனிகோடில் இல்லாமல் டாம், டாப், டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளில் இருக்கக்கூடும். அந்த எழுத்துருவைக் கழற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளுக்கும் அது குப்பைதான். 2010 ஜூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசும் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. பழையவற்றை மறுபடியும் டைப் அடிக்கத் தேவையில்லை. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்து மாற்றிகள் இந்த வேலைக்கென்றே உருவாக்கப்பட்டவை. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

அதே காலத்து இன்னொரு மிச்சம் ஃபிளாஷ். பம்ப் சுழலும், தண்ணீர் கொட்டும், பின்னணியில் வீணை வாசிக்கும். பார்ப்பவர் அவசரமாக "ஸ்கிப் இன்ட்ரோ" பட்டனைத் தேடுவார். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அது இன்னும் உங்கள் தளத்தில் இருந்தால், வருகிறவர்கள் பல ஆண்டுகளாக வெற்றுக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காசு, கையெழுத்து, கன்டென்ட்

விலை பேசும்போது எத்தனை பக்கம் என்று மட்டும் பேசாதீர்கள். செல்போனில் எப்படி இருக்கும் என்பதை முதலில் காட்டச் சொல்லுங்கள், பெரிய மானிட்டரில் அப்புறம் பார்க்கலாம். கூகுளும் தளத்தின் செல்போன் வடிவத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி.எஸ். என்று வருவதற்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகவே தருகிறது, சாதாரணக் கம்பெனித் தளத்துக்கு அது போதும். 2018 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் இல்லாத தளங்களைக் குரோம் பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று குறித்துக் காட்டத் தொடங்கியது. அதனால் இதை விட்டுவிடவும் முடியாது.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது இரு தரப்புக்கும் நல்லது. கடைசித் தவணையை, எல்லாப் பாஸ்வேர்டுகளும் ஒரிஜினல் டிசைன் ஃபைல்களும் முழு பேக்கப்பும் கைக்கு வந்தபின் கொடுப்பதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் படங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் லைசென்ஸ் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். கூகுளில் எடுத்த படம் இலவசம் என்று நினைக்கும் டிசைனர்கள் இருக்கிறார்கள், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு.

இன்னொன்று, வேலை தாமதமாவதற்குப் பெரும்பாலும் டிசைனர் காரணமாக இருப்பதில்லை. பக்கங்களில் போட வேண்டிய எழுத்தையும் படங்களையும் நாம் கொடுக்காமல் இழுத்தடிப்பதுதான் காரணம். எத்தனை எச்.பி., எத்தனை அடி ஹெட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், டெலிவரி பைப் எந்த அளவு என்பதெல்லாம் டிசைனருக்குத் தெரியாது. பெரியப்பா ஆபீஸில் கணக்கு எழுதும் அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் டைப் செய்து கொடுத்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

மாற்றும் நாள்

பெரியப்பா ஆயுத பூஜை அன்று புதிய தளத்தைத் திறக்கலாம் என்றார். அன்றைக்கு வெப்சைட் நின்றுபோனால் சரிசெய்ய ஹோஸ்டிங் கம்பெனியில் இருந்து டிசைனர் வரை யாரும் கிடைக்கமாட்டார்கள் என்றேன். அதற்கு முந்தைய வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை திறந்துவிட்டு, ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். உங்கள் தொழிலில் கூட்டம் அதிகமாக வரும் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

ஹோஸ்டிங்கையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் மெயிலை மறக்க வேண்டாம். கம்பெனி பெயரில் வரும் மெயில்களை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று டொமைனில் எம்.எக்ஸ். ரெக்கார்டு என்ற குறிப்பு இருக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் தளம் பளபளவென்று திறக்கும், ஆனால் மெயில் ஒன்றுகூட வராது. அன்றைக்கு ஆர்டர் ஏதும் இல்லை போல என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாற்றிய உடனே வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிச் சோதியுங்கள். விசாரணைப் படிவத்தையும் நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

தளம் உருவாகிக்கொண்டிருக்கும்போது பாதி வேலையைக் கூகுள் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, "நோ இன்டெக்ஸ்" என்ற ஒரு வரியை டிசைனர் பக்கங்களில் போட்டு வைப்பது வழக்கம். கூகுளுக்கு "உள்ளே வராதே" என்று மாட்டிய பலகை அது. திறந்தபின் அதைக் கழற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிரவுசரில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் விசையுடன் யு விசையை அழுத்தினால் அதன் மூல வரிகள் தெரியும். அங்கே கன்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தி அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தேடுங்கள். அகப்பட்டால் உடனே டிசைனருக்குப் போன் போடுங்கள். பழைய தளத்தின் முழு பேக்கப்பையும், பழைய ஹோஸ்டிங் கணக்கையும் குறைந்தது ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். முதல் நான்கு வாரங்கள் வாரம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, முன்பு இறக்கி வைத்த எக்செல் ஃபைலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு வாரம் எண்ணிக்கை ஏறி இறங்குவது இயல்பு. ஒரு குறிப்பிட்ட பக்கம் மட்டும் அடியோடு விழுந்திருந்தால் முதலில் ரீடைரக்ட் பட்டியலில் அந்த வரியைத் தேடுங்கள், பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.